யார் கை முழம்?

அண்மையில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், அண்ணனும் தங்கையுமாக இருவர் நம்மைக் காண வந்தனர். அண்ணன் சிறுவயதில் நம்மிடம் ஓதியவர், வணிகவியல் பட்டதாரி. தங்கை தொழில் உளவியலில் முதுகலை முதலாண்டு பயில்பவர். வழிநெடுக வாதாடிக்கொண்டே வந்திருக்கின்றனர் என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

வழக்கு இதுதான். அண்ணன் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தில் கணக்கர் வேலைக்கு மனுச் செய்திருந்தார். நேர்முகத் தேர்வுக்கு முன்பாக அவரிடம் ஒரு வினாத்தாள் தரப்பட்டது. குணத்தை அளக்கும் வினாத்தாளாம். 'உங்கள் சாதனைகளைப் பிறர் அறியச் செய்வீர்களா?', 'கூட்டத்தில் முதலில் பேசுபவர் நீங்கள்தாமா?' என்பன போன்ற வினாக்கள். பெரியவர்கள் இருக்கும் அவையில் வாய் திறப்பதும், தன் பெருமையைத் தானே பேசுவதும் பண்பன்று என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, உண்மையாக 'இல்லை', 'இல்லை' என்றே குறியிட்டு வந்தார். வேலை கிடைக்கவில்லை. காரணம் அந்தத் தாள்தான் என்று நாம் சாதிக்க முற்படவில்லை. ஆனால் அவர் அப்படித்தான் நம்பினார்.

"ஹஜ்ரத், அதுபோன்ற வினாத்தாள் எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பலமுறை ஆய்ந்து நிறுவப்பட்டது" என்றார் தங்கை. "நிறுவினார்கள் சரி, யாரை வைத்து நிறுவினார்கள்?" என்று கேட்டார் அண்ணன்.

தங்கை உடனே விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, இன்னொரு செய்தியைச் சொன்னார். தம் துறையில் அடுத்த ஆண்டு முதல் 'பன்னாட்டுப் பார்வை' என்று ஒரு பாடத்தைச் சேர்க்கலாமா என ஆசிரியர்கள் ஆலோசித்து வருகின்றனராம். இருக்கும் பாடங்களை முடிக்கவே இரண்டு ஆண்டுகள் போதவில்லை, இந்த அலங்காரம் எதற்கு என்று சிலர் தடுக்கின்றனராம். "நீங்களே சொல்லுங்கள், ஹஜ்ரத், அது ஃபர்ளா, நஃபிலா?" என்று கேட்டுவிட்டு, தம் பாடநூல்கள் சிலவற்றையும் நம்மிடம் விட்டுச் சென்றார். கடமையா, உபரியா என்னும் அந்தக் கேள்வி நம்மைச் சில வாரங்கள் அந்நூல்களோடு கட்டிப்போட்டது. நாம் அறிந்துகொண்டதை வாசகர் முன்னும் வைக்கிறோம்.

இந்தத் துறை பிறந்த கதையே வியப்பானது. 1863இல் டான்சிக் நகரில் பிறந்த ஜெர்மானியர் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பாஸ்டன் நகரில் டிராம் வண்டி ஓட்டுநர்களால் விபத்துகள் மிகுந்தபோது, எவருக்குக் கவனம் சிதறாது என்பதை ஆய்வுக்கூடத்திலேயே அறிய ஒரு சோதனையை அமைத்தார். உளவியலைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது பற்றிய அவருடைய நூல் 1912இல் ஜெர்மன் மொழியிலும், மறு ஆண்டு ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் வங்காளத்து நரேந்திரநாத் சென் குப்தா. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல் தொடங்கிய சோதனை உளவியல் துறையைத் தலைமையேற்று நடத்தியவர் அவரே. ஜெர்மானியர் ஒருவர் அமெரிக்காவில் கற்பிக்க, வங்காளி ஒருவர் கற்றுக்கொண்டு தாயகம் திரும்பினார். பிறக்கும்போதே எல்லை கடந்து பிறந்த கல்வி இது. பின்னர் அதற்குப் பன்னாட்டுப் பார்வையைப் புதிதாகச் சேர்க்க வேண்டிய நிலை எப்படி வந்தது?

விடை அண்ணனின் கேள்வியிலேயே இருக்கிறது. 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்னும் அமெரிக்க உளவியலார், தம் நாட்டின் முன்னணி உளவியல் இதழ்கள் ஆறில் ஐந்தாண்டுக் காலம் வெளிவந்த ஆய்வுகளைக் கணக்கெடுத்தார். ஆய்வுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு 68 பேர் அமெரிக்கர்; நூற்றுக்கு 96 பேர் தொழில்வளம் மிக்க மேலை நாட்டினர். எஞ்சிய உலகம் முழுவதற்கும் நூற்றுக்கு நான்கே இடம். மனிதனைப் பற்றிய அறிவு என்று நூல்கள் பேசின. அவற்றில் வந்த மனிதரோ பெரும்பாலும் ஒரு மூலையைச் சேர்ந்தவர்.

நம் ஊர்ச் சந்தையில் பூவை முழம் போட்டு விற்பார்கள். முழம் என்பது விற்பவர் கைதான். கை நீண்டவரிடம் வாங்கியவருக்கு ஆதாயம். கை குட்டையானவரிடம் வாங்கியவருக்கு நட்டம். இருவரும் 'ஒரு முழம்' என்றே சொல்வர். இருவரும் பொய் சொல்லவில்லை. பூவில் சாண் குறைந்தால் கூந்தலுக்குக் கேடில்லை. ஒரு மனிதனின் பிழைப்பை அளக்கும்போது அப்படி விட்டுவிட முடியுமா?

மதரஸாவில் சட்டக்கலை பயின்றவர்கள் 'கியாஸ்' என்னும் சொல்லை அறிவர். அரபியில் அதற்கு அளத்தல் என்பதே பொருள். தீர்ப்புத் தெரிந்த ஒன்றைக் கொண்டு, தீர்ப்புத் தெரியாத வேறொன்றை ஒப்பிட்டு அளப்பதைச் சட்ட அறிஞர்கள் அவ்வாறு அழைத்தனர். இன்றைய அரபுப் பல்கலைக்கழகங்கள் உளச்சோதனைக் கலையையும் அதே சொல்லால்தான், 'அல்கியாஸுன் நஃப்ஸி' என்று, குறிக்கின்றன. இந்தப் பொருத்தம் நம்மைச் சிந்திக்க வைத்தது. கியாஸ் செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு பொருள்களுக்கும் பொதுவான 'இல்லத்', அதாவது தீர்ப்புக்கு மூலமான காரணம், இருந்தாக வேண்டும். வெளித்தோற்றம் ஒத்திருப்பது போதாது. காரணம் மாறியிருக்கும்போது தீர்ப்பை மட்டும் தூக்கிச் சென்று பொருத்துவதை 'கியாஸ் மஅல் ஃபாரிக்', வேற்றுமை இருந்தும் செய்த ஒப்பீடு, என்று கூறித் தள்ளிவிடுவர். ஓரிடத்தில் ஆக்கிய சோதனையை வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்வதும் ஒரு கியாஸே. அங்கும் 'இல்லத்' ஒன்றுதானா என்று கேட்கக் கற்றுத்தராத கல்வி, பாதிக் கல்வியே ஆகும்.

கேட்காமல் விட்டதால் வந்த வினைக்கு வரலாற்றில் சான்று உண்டு. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், படையில் சேர்ந்தவர்களை வேலைக்கேற்பப் பிரிக்க உளவியலார் சோதனைகளை வகுத்தனர். ஏறத்தாழ 17 இலட்சம் பேர் சோதிக்கப்பட்டனர். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படச் சோதனை. படத்தில் என்ன குறைகிறது என்று கண்டு வரைய வேண்டும். டென்னிஸ் ஆடும் திடலில் வலை இல்லை. இசைத்தட்டுப் பெட்டியில் குழல் இல்லை. மின்விளக்கினுள் இழை இல்லை. இத்தாலியிலும் போலந்திலும் வயல்வெளியில் வளர்ந்து, நேற்றுக் கப்பலில் வந்திறங்கியவன் டென்னிஸ் வலையை எங்கே கண்டான்? வந்து பல்லாண்டு ஆனவர்கள் மிகுதியாகவும், புதிதாக வந்தவர்கள் குறைவாகவும் மதிப்பெண் பெற்றனர். ஊர் பழகப் பழக மதிப்பெண் ஏறுகிறது என்று காண்பதே நேர்மை. ஆனால் 1923இல் கார்ல் பிரிகம் என்னும் உளவியலார் எழுதிய நூல், பிந்தி வந்த இனத்தார் பிறவியிலேயே அறிவு குறைந்தவர் என்று முடிவு கட்டியது. மறு ஆண்டே தென் ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா மக்களின் வரவைச் சுருக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. அச்சட்டத்தில் அந்நூலுக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1930இல் பிரிகமே தம் முடிவுகளுக்கு அடித்தளம் இல்லை என்று வெளிப்படையாக எழுதித் திரும்பப் பெற்றார். அந்த நேர்மையைப் போற்றுகிறோம். ஆயினும் சட்டம் தன் வழியில் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பிழை பழங்கதை என்று தள்ளலாம். நுட்பமான பிழைகள் பின்னரும் இருந்தன. ஜப்பானிய உளவியலார் ஜூஜி மிசுமி, நல்ல மேலாளருக்கு இரண்டு பணிகள் என்று வகுத்தார். ஒன்று வேலையை நடத்துவது, மற்றது உறவைப் பேணுவது. பீட்டர் ஸ்மித் முதலியோர் அவருடன் சேர்ந்து பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், ஹாங்காங் ஆகிய நான்கு இடங்களில் ஆய்ந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டனர். இரு பணிகளும் நான்கு இடங்களிலும் தென்பட்டன. ஆனால் எந்தச் செயலை அன்பு என்று கொள்வது என்பதில் ஊர்கள் பிரிந்தன. தொழிலாளி ஒருவருக்கு வீட்டில் ஏதோ தொல்லை. மேற்பார்வையாளர் அதை அவர் இல்லாதபோது உடன்வேலை செய்வோரிடம் எடுத்துப் பேசுகிறார். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் அது பரிவு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது பண்பற்ற செயல். பரிவு எங்கும் வேண்டப்படுகிறது. அதன் உருவம்தான் மாறுகிறது. உருவத்தை மட்டும் பட்டியலிட்டு மதிப்பெண் போடுபவர், ஓரிடத்தில் நல்லவரைக் கெட்டவர் என்று எழுதிவிடுவார்.

வினாவே கேட்கப்படாத இடமும் உண்டு. ஹாலந்து நாட்டு அறிஞர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஊழியரிடம் 1967 முதல் 1973 வரை திரட்டப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களைக் கொண்டு, நாடுகளின் பண்பாட்டை நான்கு அளவைகளால் அளந்து 1980இல் நூல் வெளியிட்டார். பெரும்பணிதான். ஆனால் வினாக்களை ஆக்கியவர் மேலை நாட்டினர். ஹாங்காங்கில் பணியாற்றிய மைக்கேல் பாண்ட், சீன அறிஞர்களிடம் 'உங்கள் மக்கள் எவற்றை மதிக்கின்றனர்?' என்று கேட்டு, அவர்கள் சொன்னவற்றைக் கொண்டே வினாத்தாள் அமைத்து, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதை வழங்கினார். 1987இல் வெளியான அந்த ஆய்வில், விடாமுயற்சி, சிக்கனம் முதலியவற்றைச் சுற்றி அமைந்த புதியதோர் அளவை வெளிப்பட்டது. ஹோஃப்ஸ்டெட் பெருந்தன்மையுடன் அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டார். கேட்பவர் மாறியதும் இதுகாறும் மறைந்திருந்தது தெரியலாயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். மனிதன் எங்கும் மனிதன்தானே? பசியும் களைப்பும் பயமும் நாட்டுக்கு நாடு மாறுமோ? இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஸ்பானிய ஆய்வாளர் சல்காடோவும் உடனாய்வாளர்களும், அறிவுத்திறன் சோதனைகள் அமெரிக்காவில் போலவே ஐரோப்பிய நாடுகளிலும் வேலைத் திறனை முன்னறியப் பயன்படுகின்றன என்று 2003இல் காட்டினர். இந்தியாவிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. அகமதாபாத்தின் காலிக்கோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தன. ஆனால் விளைச்சல் உயரவில்லை, துணியில் பழுதும் குறையவில்லை. ஒரு கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர், பன்னிரண்டு வகை வேலைகள். அவரவர் வேலையை அவரவர் தனித்தனியே பார்த்து வந்தனர். 1953இல் இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அங்கு வந்தார். அவர் நிறுவனத்தார் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒரு பாடம் கற்றிருந்தனர். முழு வேலைக்கும் ஒரு சிறு குழுவே பொறுப்பேற்றால் வேலையும் மனமும் செழிக்கும் என்பது. ரைஸ் அதைக் கட்டளையாகத் திணிக்காமல் யோசனையாகவே முன்வைத்தார். தொழிலாளரும் மேற்பார்வையாளருமே அதைப் பற்றிக்கொண்டு, தமக்குள் பேசிக் குழுக்களைப் பிரித்துக்கொண்டனர். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பின் விளைச்சல் உயர்ந்தது, பழுது குறைந்தது.

எனவே அயலில் பிறந்த அறிவு என்பதற்காக எதையும் ஒதுக்குவது மடமை. அது வந்து இறங்கும் இடத்தின் மக்கள் அதைத் தம் கையால் எடுத்து வடிவமைக்க விடப்பட்டனரா என்பதே கேள்வி.

மறுபக்கத்து அபாயம் இதனினும் பெரிது. 'ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒவ்வொரு வழி' என்னும் பாடத்தை அரைகுறையாய்க் கற்றவர், அநீதிக்கும் பண்பாடு என்று பெயர் சூட்டிவிடுவார். வங்காள தேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவார் என்னும் இடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து வீழ்ந்தது. முதல்நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. மேல்தளங்களில் மேலை நாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்த தொழிலாளரோ மறுநாள் காலை உள்ளே போகச் சொல்லப்பட்டனர். 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். 'அந்நாட்டார் மேலதிகாரிக்கு அடங்கிப்போகும் பண்பாட்டினர்' என்று பாடநூல் அட்டவணையைக் காட்டி எவரேனும் விளக்கினால், அந்த விளக்கம் உண்மையை மூடும் போர்வையாகிவிடும். உள்ளே போகாவிட்டால் மாதச் சம்பளம் போய்விடும் என்ற அச்சம் எந்தப் பண்பாட்டுக்கும் தனி உடைமையன்று. அதே கட்டடத்தின் வங்கி ஊழியரும் வங்காளியர்தாமே!

சம்பளத்தின் கதையும் அதுவே. நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் காரும் அவருடன் பணியாற்றியோரும் இந்தியா, சீனா, மலாவி, உகாண்டா, பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் ஆகிய ஆறு நாடுகளில், ஒரே அமைப்பில் ஒத்த பணி செய்யும் வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் வழங்கப்படும் இருவகை ஊதியத்தை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். உள்நாட்டவரிடம் அநீதி உணர்வும் ஊக்கக் குறைவும் மிகுந்திருக்கக் கண்டனர். வளைகுடாவில் உழைத்தவர் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டின் நிறத்துக்கேற்பச் சம்பளம் மாறுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தே திரும்பினர். அவர்கள் ஊக்கம் குன்றியபோது 'இந்த நாட்டுக்காரரின் இயல்பு இது' என்று எவரோ ஒருவர் ஏட்டில் எழுதியிருக்கவும் கூடும்.

அவ்வாறாயின் அந்தப் பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? பல நாட்டுக் கிளைகள் உள்ள பெருநிறுவனத்தின் மேலாளருக்கு விருந்து உபசாரமும் கைகுலுக்கும் முறையும் கற்பிப்பதற்குப் பன்னாட்டுப் பார்வை என்று பெயரிடுதல் கூடாது. நம் நாட்டில் உழைப்போருள் மிகப் பெரும்பாலோர் முறைசாராத் தொழில்களில்தான் உள்ளனர். செங்கல் சூளையையும் வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் காணாத பார்வை, பன்னாட்டுக்கு உரியதாயினும் குருட்டுப் பார்வையே.

பிற நாட்டவரை ஆய்வுக்குரிய பொருளாக மட்டுமன்றி, ஆசிரியராகவும் ஏற்க வேண்டும். மிசுமியின் கொள்கையை ஜப்பானின் விநோதம் என்று கற்பிப்பதும், அமெரிக்கக் கொள்கையை மனித இயல்பு என்று கற்பிப்பதும் ஒரே வகுப்பில் நிகழலாகாது. நம் நாட்டு ஜே.பி.பி. சின்ஹா, இந்தியப் பணியிடங்களை ஆராய்ந்து, பரிவும் காட்டி வேலையையும் கண்டிப்பாக எதிர்பார்க்கும் தலைவரைப் பற்றி 1980இல் நூல் எழுதினார். அதை இந்திய மாணவர் முதலில் படிக்க வேண்டும் அன்றோ?

மொழிபெயர்ப்பின் அறத்தையும் கற்பிக்க வேண்டும். வினாத்தாளை ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைக் காணாத இன்னொருவர் அதை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி, இரண்டையும் ஒப்பிடும் முறை உண்டு. அது நல்ல முறை, ஆனால் போதாது. தன் கருத்தையும் உரிமையையும் தயங்காது எடுத்துரைக்கும் குணத்துக்கு ஆங்கிலத்தில் ஒரே புகழ்ச்சொல் இருக்கிறது. தமிழில் அதைத் துணிவு என்பதா, எடுப்பு என்பதா, துடுக்கு என்பதா? ஒரு சொல்லுக்குப் பாராட்டு, இன்னொரு சொல்லுக்குக் கண்டனம். சொல் கிடைக்காத இடத்தில், பொருள் அங்கே அதே எடையில் இருக்கிறதா என்று நின்று கேட்கும் பழக்கத்தை மாணவருக்கு ஊட்ட வேண்டும்.

செல்வதற்கு வழியுள்ளோர் செல்லட்டும். ஸ்பெயினின் வலென்சியா, இத்தாலியின் போலோன்யா, போர்ச்சுகலின் கோயிம்பிரா முதலிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய தொழில் உளவியல் முதுகலைக் கல்வியில், மாணவர் ஒரு நாட்டில் படித்துவிட்டு ஒரு பருவத்தை மற்றொரு நாட்டில் கழிக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் பயணம் மட்டுமே கண்ணைத் திறந்துவிடாது. பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி மாற்றார் படையெடுப்பின் நிழலில்தான் இந்தியாவைக் கண்டார். உடன் வந்தோர் பலரும் கண்டனர். நடுவயதில் அமர்ந்து சமஸ்கிருதம் கற்று, இந்நாட்டாரின் கொள்கைகளை அவர்கள் நூல்களைக் கொண்டே எடுத்துரைத்தவர் அவர். பயணம் எல்லாருக்கும் வாய்த்தது. மாணவராகும் பணிவு அவருக்கு வாய்த்தது.

சென்ற வாரம் உடன்பிறந்தார் இருவரும் நூல்களைப் பெற்றுச் செல்ல மீண்டும் வந்தனர். தங்கையிடம் கூறினோம்: "அம்மா, அந்தப் பாடம் உபரியன்று, பிறர் பிழைப்பை அளக்கும் அதிகாரத்தைப் பெறுபவருக்கு அது கடமை. முதல் வகுப்பில் உங்கள் அனைவருக்கும் அயலூரார் ஒருவர் ஆக்கிய வினாத்தாளைத் தந்து, மதிப்பெண்ணையும் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பிறர் கை முழத்தில் தாம் குறைந்ததைப் பார்த்தவர்தாம் தம் கை முழத்தைச் சந்தேகிப்பார்."

அண்ணன் முகத்தில் வெற்றிக்களை தோன்றியது. அவர் குடும்பத்துக்கு மளிகைக் கடை உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் நால்வர் அங்கே வேலை செய்கின்றனர். "அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டோம். "ஹஜ்ரத், சொன்னதைச் செய்வார்கள், தானாக ஒன்றும் தோன்றாது. வாய் திறந்து ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள்" என்றார்.

"அவர்கள் மொழியில் உங்களுக்கு எத்தனை சொல் தெரியும்?"

அவர் விடை சொல்லவில்லை. தங்கைதான் நூல்களைக் கட்டி எடுத்துக்கொண்டே, "அவர்கள் பெயர்களையே அண்ணன் மாற்றித்தான் கூப்பிடுகிறார், ஹஜ்ரத்" என்றார். மஃரிபுக்கு பாங்கு ஒலித்தது. எழுந்து பள்ளிக்கு நடந்தோம். அண்ணனும் உடன் வந்தார். வழியில், அந்நால்வருள் மூத்தவரின் பெயரைச் சரியாக எப்படி உச்சரிப்பது என்று தம் கைப்பேசியில் தங்கையைக் கேட்டுக்கொண்டே வந்தார்.